கப்பலுக்கு ஐந்து மதிப்பெண்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், வெயிலின் காரணமாகப் பள்ளித் திறப்பு 12ஆம் தேதிக்குத் தள்ளிப்போய், ஒருவழியாகத் திறந்த அந்த வாரத்தின் சனிக்கிழமையன்று, ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில் தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் ஓர் ஊரின் கிளை நூலகத்தில் பதினொரு மாணவர்கள் எங்கள் முன்னால் அமர்ந்திருந்தார்கள். எல்லோரும் பிளஸ் டூ, வரலாறு படிப்பவர்கள். பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய நாங்கள் இருவரும் கல்லூரியில் பாடம் சொல்பவர்கள். எங்களில் ஒருவருக்கு வரலாறு, மற்றவருக்குத் தமிழ் இலக்கியம். இதை எழுதுவது தமிழ் படித்தவர் என்றாலும், எழுதும் அனுபவம் இருவருக்கும் பொது என்பதால் 'நாங்கள்' என்றே எழுதிச் செல்கிறோம்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிதல்ல. அதற்கு முந்தைய ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக அவ்வூரில் தங்கியிருந்தபோது, நூலகர்தான் கேட்டார். சனிக்கிழமை பிற்பகல்களில் நூலகம் வெறிச்சோடிக் கிடக்கிறது, வரலாறு எடுத்த பிள்ளைகளுக்கு யாரும் தனிப்பயிற்சி நடத்துவதில்லை, நீங்கள் வரக்கூடாதா என்றார். உண்மைதான். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் தெருவுக்கு ஒரு டியூஷன் இருக்கும் மாவட்டத்தில் வரலாற்றுக்கு ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பிரிக்கும்போது, முதல் பிரிவும் இரண்டாம் பிரிவும் நிரம்பியபின் மிஞ்சுவோர்க்கு அளிக்கும் இடமாகவே வரலாற்றுப் பிரிவைப் பெரும்பாலான பெற்றோர் நினைக்கின்றனர். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று அமையும் இந்தப் பிரிவில் சேர்ந்த பிள்ளை, 'உனக்கு மார்க்கு பத்தலையா?' என்ற கேள்வியை இரண்டாண்டுகள் சுமந்து திரிகிறது.

ஆனால் அந்தப் பதினொருவரில் நால்வராவது வரலாற்றை விரும்பி எடுத்தவர்கள். முன்வரிசையில் அமர்ந்த ஒரு பெண் முதல் பிரிவு கிடைத்தும் வேண்டாம் என்று வந்தவள். ஆதிச்சநல்லூரைத் தாண்டித்தான் தினமும் பள்ளிப் பேருந்து போகிறது என்றும், அந்தப் பறம்பில் என்ன இருக்கிறது என்று கேட்கப்போய்த்தான் இதில் வந்து விழுந்தேன் என்றும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் அமர்ந்த ஒரு பையனுக்குக் கணக்குப்பதிவியல்தான் உயிர். எதைச் சொன்னாலும் கூட்டிக் கழித்துப் பார்ப்பான். வகுப்பில் அவனுக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பெயர்.

முதல் நாளே பள்ளியின் வரலாற்றாசிரியரைப் போய்ப் பார்த்தோம். எங்கள் வருகையை அவர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற அச்சம் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "நான் சோறு போடுதேன் சார். நீங்க ஊறுகா வச்சிக்கிடுங்க. ஊறுகாயையே சாப்பாடா ஆக்கிராதிய" என்றார். அந்த எச்சரிக்கையின் பொருள் எங்களுக்குச் செப்டம்பரில்தான் விளங்கியது.

*

பிளஸ் டூ வரலாற்றுப் பாடம் இந்திய தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி, விடுதலையையும் அதற்குப் பிந்தைய இந்தியாவையும் கடந்து, ஐரோப்பாவின் அறிவொளிக் காலத்துக்குத் திரும்பிப் போய், புரட்சிகளையும் இரு உலகப்போர்களையும் சுற்றிக்கொண்டு, போருக்குப் பின்னான உலகில் வந்து நிற்கிறது. நீண்ட பயணம். கேள்வித்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது, இரண்டு மதிப்பெண் ஏழு, மூன்று மதிப்பெண் ஏழு, ஐந்து மதிப்பெண் ஏழு. மீதிப் பத்து அகமதிப்பீடு. இதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்கினோம். தெரிந்துகொண்டு என்ன பயன்? சுதேசி இயக்கப் பாடம் வந்ததும் எங்களுக்குக் கால் நகரவில்லை.

நகராததற்குக் காரணம் உண்டு. வ.உ.சி.யின் ஒட்டப்பிடாரமும் அவர் கப்பல் விட்ட தூத்துக்குடியும் அந்தப் பிள்ளைகளுக்குப் பேருந்துத் தூரம். சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. முதலீடு பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் கணக்கப்பிள்ளை பெருக்கிப் பார்த்து, "சரியா வருது சார்" என்றான். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்ததும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்ததும், சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியதும், அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளத் தொடங்கிக் கூடவே குடையும் கொடுத்ததும் பாடநூலிலேயே உள்ள செய்திகள். ஆனால் அவன் அதை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்தான். குடை கொடுத்தவன் எத்தனை மாதம் தாங்குவான், பங்குப் பணத்தை நம்பி இறங்கியவன் எத்தனை மாதம் தாங்குவான் என்று கரும்பலகையில் இரண்டு பத்திகள் போட்டு எழுதினான். "இருபத்தஞ்சு ரூவா போட்டவனுக்குக் கடைசில எவ்வளவு திரும்புச்சு சார்?" என்று கேட்டான். கம்பெனி 1911இல் கலைந்துபோன கதையைச் சொன்னோம். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

அதன்பின் எங்களைத் தடுப்பவர் யார்? கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கு ஒரு சனிக்கிழமை. 1908 மார்ச் 12 கைதுக்கும் 13ஆம் தேதி திருநெல்வேலி எழுச்சிக்கும் இரண்டு சனிக்கிழமைகள். ஒட்டப்பிடாரத்து நினைவு இல்லத்துக்கு ஒரு பயணம். பிறகு, காந்தியிடமிருந்து வ.உ.சி.க்கு வரவேண்டியிருந்த பணத்தைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா' என்ற சிறுநூலை நூலகத்துக்கு வாங்கிக் கொடுத்தோம். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் சிறையிலிருந்த வ.உ.சி.க்காகத் திரட்டிக் காந்தியிடம் ஒப்படைத்த தொகை, 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்தபின் கடிதம் கடிதமாகக் கேட்கப்பட்டு, 1916இன் தொடக்கத்தில்தான் வ.உ.சி.யின் கைக்கு வந்து சேர்கிறது. இத்தொகையை வ.உ.சி.யின் குறிப்பேட்டில் எப்படிப் பதிவது என்று கணக்கப்பிள்ளை ஒரு வாரம் யோசித்தான். மறுவாரம், காந்தி கணக்கு பற்று, நன்கொடைக் கணக்கு வரவு என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினான். 12 அணா என்பது 75 காசு என்று ஓரத்தில் குறிப்பு வேறு. "அப்போ காந்தி கடன்காரரா?" என்று ஒருவன் சிரிக்க, முன்வரிசைப் பெண் சீறினாள். அரை மணி நேரம் சண்டை. மறதிக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடு, பொதுப்பணத்தைக் கைமாற்றிவிடுபவரின் பொறுப்பு, மகாத்மா ஆவதற்கு முந்தைய காந்தி எப்படி இருந்தார் என்றெல்லாம் பதினேழு வயதுப் பிள்ளைகள் வாதிட்டதைக் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், எங்கள் கல்லூரி வகுப்பில் இப்படி ஒரு நாள் வாய்க்கவில்லையே என்று திரும்பும் பேருந்தில் பேசிக்கொண்டு வந்தோம். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கேடு அங்கேதான் இருந்தது.

காலாண்டுத் தேர்வில் முன்வரிசைப் பெண் தொண்ணூறுக்கு நாற்பத்தேழு வாங்கினாள். பிளஸ் ஒன்னில் எண்பதுக்குக் கீழே இறங்காதவள். அடுத்த சனிக்கிழமை அவளுடைய தாயார் நூலகத்துக்கே வந்துவிட்டார். சத்துணவு அமைப்பாளர். கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க கப்பலயே ஓட்டிக்கிட்டு இருக்கியளாம்ல சார்? பரீட்சையில கப்பலுக்கு அஞ்சு மார்க்குதானே வருது?"

பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமைகள் பதினான்கு கழிந்திருந்தன. இரண்டாம் பாடத்தில் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் போவது ஊதியத்துக்காக அல்ல என்பதால் எங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் படிப்பே இல்லை என்பதைத் தாயார் சொல்லாமலே சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் தடம் மாறிப் போகாமல் ஆண்டு முழுவதும் கொண்டுசெல்வது எப்படி என்று யோசிக்கத் தொடங்கியவர்கள், தடம் மாறியது நாங்கள்தான் என்று அன்று ஒப்புக்கொண்டோம்.

*

அக்டோபரும் நவம்பரும் பள்ளியாண்டின் சோர்ந்த மாதங்கள். ஜூனில் இருந்த புதுமை தீர்ந்திருக்கும். மார்ச் மாதத்து அச்சம் இன்னும் எட்டியிருக்காது. இடையில் ஆயுத பூசை விடுமுறை, தீபாவளி, மழை. அந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு களைப்பும் இருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்து 2025இல் அரசு கைவிட்ட பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அவர்கள் அப்போதுதான் எழுதி முடித்திருந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்றாண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு. பாடத்தைப் பார்த்தாலே கொட்டாவி வந்ததில் வியப்பில்லை.

குறிப்பு எழுதிக் கொடுத்து வேகமாக முடித்துவிடலாம் என்பது வரலாறு படித்தவரின் யோசனை. இரண்டு வாரம் செய்து பார்த்தோம். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள், ஒழுங்காக மறந்தார்கள்.

பிறகு இரண்டு காரியங்கள் செய்தோம். ஒன்று, நூலகச் சுவரின் இரு ஆணிகளுக்கு இடையே ஒரு கயிற்றுக் கொடி கட்டினோம். வகுப்பு தொடங்கியதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சென்ற வாரப் பாடத்திலிருந்து ஒவ்வொருவரும் ஓர் ஆண்டையும் அவ்வாண்டில் நடந்ததையும் ஒரு சீட்டில் எழுதித் துணி கிளிப்பால் கொடியில் மாட்ட வேண்டும். முன்பின் பார்த்து உரிய இடத்தில் மாட்ட வேண்டும். தவறாக மாட்டியதை மற்றவர்கள் சொல்லலாம், நாங்கள் சொல்லமாட்டோம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை இது. பாடநூல் 1947க்குப் பின் சென்று, மறுபடி பிரெஞ்சுப் புரட்சிக்குத் திரும்புவதில் குழம்பிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, 1789 சீட்டைக் கொடியின் இடது கோடியில் கொண்டுபோய் மாட்டும்போதுதான், கட்டபொம்மன் தூக்கிலேறிய 1799க்கு அது பத்தாண்டு பக்கத்தில் இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. 'அங்கே அரசனைக் கொல்லும்போது இங்கே யார் இருந்தார்கள்?' என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்று தமிழ் படித்தவருடைய கைவேலை. பாடநூல் நடையில் செயப்பாட்டுவினை மிகுதி. சட்டம் இயற்றப்பட்டது, வரி விதிக்கப்பட்டது, ஊர்வலம் கலைக்கப்பட்டது, தலைவர்கள் கைது செய்யப்பட்டனர் என்று பக்கத்துக்குப் பக்கம் காரியங்கள் தாமாகவே நடந்துகொண்டிருக்கும். இலக்கணத்தில் எழுவாயைத் தேடச் சொல்லி ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம், வரலாற்றில் அதை மறந்துவிடச் சொல்கிறோம். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் இத்தகைய ஐந்து வாக்கியங்களை எடுத்து, செய்வினையாக மாற்றி எழுதச் சொன்னோம். 'செய்தவர் யார்?' என்று பயிற்சிக்குப் பெயர் வைத்தோம்.

முதலில் எல்லாவற்றுக்கும் 'ஆங்கிலேயர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்த ஆங்கிலேயர் என்று திருப்பிக் கொடுத்தோம். 1908இல் திருநெல்வேலியில் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது என்பதை மாற்ற வேண்டுமானால், சுட்டது போலீஸ், சுடச் சொன்னவர் கலெக்டர் விஞ்ச் என்று தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். 'நால்வர் கொல்லப்பட்டனர்' என்பதை மாற்றும்போது வாக்கியத்தின் இரு பக்கமும் மனிதர்கள் நின்றார்கள். ஒத்துழையாமை இயக்கம் 1922இல் நிறுத்தப்பட்டது; நிறுத்தியவர் காந்தி; சௌரி சௌராவில் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தவர்கள் கூட்டத்தினர். இங்கே செய்தவர் ஆங்கிலேயர் அல்லர் என்று கண்டபோது பிள்ளைகளின் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. அந்தத் தயக்கத்தை நாங்கள் விரும்பினோம். வாக்கியத்தை மாற்றத் தெரிந்த பிள்ளை ஐந்து மதிப்பெண் விடையைத் தானாகவே எழுதியது என்பது எதிர்பாராத வரவு. காரணமும் விளைவும் அந்த எழுவாயிலிருந்தே கிளம்பிவிடுகின்றன. தமிழ் படித்தவரின் தலைக்கனம் இது என்று நண்பர் சொல்லுவார். சொல்லிக்கொள்ளட்டும்.

வாரம் ஒரு பாடம் என்று கறாராக வகுத்துக்கொண்டோம். பிடித்த பாடமானாலும் இரண்டாம் வாரம் கிடையாது. கணக்கப்பிள்ளை ஏதாவது கிளறினால், "அதெல்லாம் பரீட்சைக்குப் பொறவு" என்று முன்வரிசைப் பெண்ணே அடக்கிவிடுவாள். வருத்தமாகத்தான் இருந்தது. நவம்பரில் ஒருநாள் அவன் நூலகத்திலிருந்து அந்த 347 ரூபாய்ப் புத்தகத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு போனான். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கொடி நிறையச் சீட்டுகள். பாடத்தில் முக்கால் பங்கு முடிந்திருந்தது. அரையாண்டுத் தேர்வு தொடங்கியிருந்தது.

*

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழையைப் பற்றித் தென்மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. ஏரல் பாலம் அறுத்துக்கொண்டு போனது. குளங்கள் உடைந்து, ஆறு ஊருக்குள் வந்தது. மூன்று நாள் எந்தப் பிள்ளையின் கைப்பேசியும் எடுக்கவில்லை. நான்காம் நாள் முன்வரிசைப் பெண்ணின் குரல்செய்தி வந்தது. எல்லோரும் பள்ளிக்கூட மாடியில் இருந்தோம், உயிருக்கு ஒன்றுமில்லை, நூலகத்தில் சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் என்று சொன்னாள். "கொடி போயிட்டு சார்" என்பது கடைசி வாக்கியம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நூலகத் தரையில் கணுக்காலுக்கு மேல் சேறு. கீழடுக்குப் புத்தகங்கள் ஊறிப் பெருத்து, அலமாரியை விட்டு எடுக்க முடியாதபடி இறுகிப் போயிருந்தன. நூலகர் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, போனவற்றை எண்ணிப் பதிவேட்டில் அடித்துக்கொண்டிருந்தார். அரையாண்டுத் தேர்வின் மீதித் தாள்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின. பாடநூல்களை அரசு மறுபடியும் கொடுத்தது. ஆறு மாதமாக எழுதிய குறிப்பேடுகளை யார் கொடுப்பது?

2024 ஜனவரி 6ஆம் தேதி தொடக்கப்பள்ளித் தாழ்வாரத்தில் வகுப்பு தொடங்கியது. ஒன்பது பேர் வந்திருந்தனர். ஒரு பெண் உறவினர் வீட்டில் இருந்தாள், பின்னர் வந்துவிட்டாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், தூண்களுக்கு இடையே புதுக்கயிறு ஒன்றைக் கட்டி, வெட்டிய தாள்களைக் கையில் கொடுத்தோம். நினைவில் இருப்பதை மட்டும் எழுதி மாட்டுங்கள், எத்தனை சீட்டு வேண்டுமானாலும் எழுதலாம் என்றோம்.

ஒன்றரை மணி நேரம் எழுதினார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். 1905க்கும் 1911க்கும் இடையில் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின, கப்பல் மூழ்கவில்லை. 1919, 1922, 1930, 1942 எல்லாம் இருந்தன. 1922க்கும் 1930க்கும் நடுவே வெறுங்கயிறு. சைமன் குழுவும் இல்லை, லாகூர் மாநாடும் இல்லை. 1815க்கும் 1870க்கும் நடுவிலும் அப்படியே. அவை அக்டோபரில் குறிப்பு எழுதிக் கொடுத்து வேகமாக முடித்த பாடங்கள் என்று நண்பர் என் காதில் சொன்னார். அவருடைய யோசனைதான் அது என்பதை நான் நினைவூட்டவில்லை. பொங்கல் போக, பொதுத்தேர்வுக்கு முன் ஏழு சனிக்கிழமைகள் இருந்தன. எங்கே கயிறு வெறுமையாக இருந்ததோ அங்கே மட்டும் பாடம் நடத்துவது என்று அன்று முடிவாயிற்று. அதற்குமேல் ஒரு திட்டமும் போடவில்லை, தேவைப்படவும் இல்லை.

கணக்கப்பிள்ளை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவன் தந்தை குத்தகை நிலத்தில் வாழை போட்டிருந்தார். பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. சென்னை வியாசர்பாடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியப்பாவுக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டியிருந்தது. பையன் போய்விட்டான்.

எங்கள் வருகைப்பதிவு நோட்டில் அவன் பெயருக்கு எதிரே, 'படிப்பு நிறுத்தப்பட்டது' என்று குறித்து வைத்திருந்தோம். நோட்டை எடுத்து அடுக்க வந்த முன்வரிசைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "செய்தவர் யாரு சார்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. பயிற்சியில் கேட்கும் அதே குரலில்தான் கேட்டாள்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு மார்பளவுக்கு இருந்தது. அவன் தந்தை எங்களை உட்காரச் சொல்லிக் கட்டிலைத் துடைத்துவிட்டார். "படிக்க வேண்டாம்னு யாரு சார் சொன்னா? குத்தகைப் பணமும் வட்டிப் பணமும் தலைக்கு மேல நிக்கி. இவனுக்குக் கணக்கு நல்லா வரும்னு அண்ணாச்சி கூப்பிட்டாவ. நான் போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல" என்றார். நிலத்துக்காரர், வட்டிக்காரர், அண்ணாச்சி, உடைந்த குளம், எதுவும் சொல்லாத தந்தை, கணக்கு நன்றாக வரும் பையன். வாக்கியத்தை எப்படி மாற்றுவது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. தேர்வுக்குப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருப்பதையும், மார்ச்சில் எழுதாவிட்டாலும் ஜூன் துணைத்தேர்வில் எழுதலாம் என்பதையும் சொல்லி, அந்த நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு வந்தோம்.

அதன்பின் சனிக்கிழமை இரவுகளில், கடை அடைத்தபின், அவனுக்குக் குரல்செய்தி அனுப்புவது வழக்கமாயிற்று. எங்கள் செய்தியைவிடப் பிள்ளைகள் அனுப்பியதே அதிகம். அன்று மாட்டிய சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புவார்கள். அவன் பெரும்பாலும் பதில் போடமாட்டான். ஒருமுறை மட்டும் போட்டான். சிறையிலிருந்து வந்தபின் வ.உ.சி.யும் சென்னையில் கடை வைத்துப் பார்த்தார்தானே, அவர் கடனுக்குச் சரக்குக் கொடுத்தாரா என்று கேட்டிருந்தான்.

*

2024 மார்ச் மாதத்தில் தேர்வு நடந்தது. மே 6ஆம் தேதி முடிவு வந்தது. பத்துப் பேரும் வரலாற்றில் தேறினார்கள். ஒருவன் பொருளியலில் தவறினான். முன்வரிசைப் பெண் 93. அவளுடைய தாயார் தொலைபேசியில் கூப்பிட்டு, "கப்பல் கேள்வி வந்துச்சா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். அவள் அரசுக் கல்லூரியில் இளங்கலை வரலாறு சேர்ந்தாள். வீட்டில் ஆசிரியப் பயிற்சி என்கிறார்கள், அவள் தொல்லியல் என்கிறாள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எங்களை இருவரும் சாட்சிக்கு அழைப்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

ஜூனில் அடுத்த அணி வந்து சேர்ந்தது. இம்முறை பதினான்கு பேர். பாடநூலில் ஒரு பாடத்துக்கு ஒரு சனிக்கிழமை என்பதை முதல் நாளே அட்டவணை போட்டு ஒட்டினோம். சுதேசி இயக்கத்துக்கு மட்டும் இரண்டு. மூன்று வைத்தால் என்ன என்று நண்பர் கேட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கணக்கப்பிள்ளை நூலக வாசலில் வந்து நின்றான். துணைத்தேர்வுக்காக ஊருக்கு வந்திருந்தான். கொஞ்சம் இளைத்து, மீசை அரும்பியிருந்தது. வரலாற்றுத் தாள் பரவாயில்லை என்றான். கொடியில் மாட்டியிருந்த சில சீட்டுகளை நின்று படித்தான். பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நூலகரின் மேசைமேல் வைத்தான். நவம்பரில் எடுத்துப்போன அந்த 347 ரூபாய்ப் புத்தகம். வெள்ளத்தின்போது அவன் வீட்டுப் பரணில் இருந்து தப்பி, அவனோடு வியாசர்பாடிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.

நூலகர் பதிவேட்டைப் புரட்டினார். வெள்ளத்தில் போனவை என்று அடித்த பட்டியலில் அதுவும் இருந்தது. இல்லை என்று கணக்கு எழுதி மேலிடத்துக்கும் அனுப்பியாயிற்று, இப்போது இதை எதில் வாங்கிக்கொள்வது என்று தலையைச் சொறிந்தார்.

"வாராக்கடன்னு எழுதினது வசூலானா வரவு வைக்கணும் சார்" என்று சொல்லி, கணக்கப்பிள்ளை மேசையைச் சுற்றி வந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் பதினான்கு பேரும் பாடத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.